பாட்டிக்கு என்னம்மா ஆச்சு?

நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்றால் யு.கே.ஜி. படிக்கும் வாண்டுக்குக்கூட அது தெரிந்திருக்கும். "தாத்தா லட்டு சாப்பிடக் கூடாது, அம்மா திட்டுவாங்க!" என்று வந்த விருந்தாளியிடமே சொல்லி நம் மானத்தை வாங்கிவிடும். பாட்டிக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறமாட்டாள் என்பதும் தெரியும். கண் ஆபரேஷன் ஆகியிருந்தால், சொட்டு மருந்து விடும் நேரம்கூட மனப்பாடம்.

ஆனால் அதே பாட்டி, சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் "எனக்கு யாரும் சோறு போடலை" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறாள். தூக்கி வளர்த்த பேரனைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ளைப்பா?" என்கிறாள். குழந்தை மிரண்டு போய் நம்மிடம் ஓடி வந்து, "பாட்டிக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்கிறது. அதற்கு மட்டும் நாம் சொல்லும் பதில் என்ன தெரியுமா?

"ஒண்ணுமில்லை. நீ போய்ப் படி."

சகோதரிகளே, இந்த 'ஒண்ணுமில்லை'யைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும். பதில் கிடைக்காத குழந்தை சும்மா இருந்துவிடுவதில்லை. தானாகவே ஒரு பதிலைச் செய்துகொள்கிறது. 'பாட்டிக்குப் பைத்தியம்', 'பேய் பிடிச்சிருக்கு', 'பாட்டிக்கு என்னைப் பிடிக்கலை', 'நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்' - இவற்றில் ஒன்று அதன் மனசில் உட்கார்ந்துவிடும். உண்மையைவிட அது எவ்வளவோ பயங்கரமானது அல்லவா?

கரும்பலகையில் விழுந்த பதில்கள்

நான் நர்சிங் கல்லூரி ஒன்றில் ஆசிரியை. எங்கள் மாணவிகள் சமுதாய நலப் பயிற்சிக்காகப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போவது வழக்கம். கை கழுவுவது, பல் துலக்குவது, பேன் தொல்லை, இரத்தசோகை - இவற்றையெல்லாம் படம் வரைந்த அட்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு வருஷமாக அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறோம்: முதியவர்களுக்கு வரும் மறதி நோய். டாக்டர்கள் டிமென்ஷியா என்று சொல்வது இதைத்தான்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள்தான் எங்கள் கணக்கு. முதலில் பாடம் எதுவும் கிடையாது. "வயசானவங்க ஒருத்தர் தன் வீட்டுக்கு வழி தெரியாம நிக்கறாங்க. அவங்களுக்கு என்ன ஆகியிருக்கும்? மனசில பட்டதைச் சொல்லுங்க" என்று மாணவி கேட்பாள். வருகிற பதில்களையெல்லாம் கரும்பலகையில் எழுதுவாள். பைத்தியம், குடி, செய்வினை, நடிப்பு, கண் தெரியலை! 'நோய்' என்று சொல்லும் பிள்ளை ஒன்றோ இரண்டோதான்.

யாரையும் அதட்டுவதில்லை. வகுப்பு முடியும்போது அந்தப் பிள்ளைகளையே கூப்பிட்டு, தப்பான பதில்களை டஸ்டரால் அழிக்கச் சொல்வோம். அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள்!

மறதி வேறு, மறதி நோய் வேறு

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடாத வீடு உண்டா? பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பொங்கவிடாத கைதான் உண்டா? அதெல்லாம் சாதாரண மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்று திகைப்பது, நாற்பது வருஷமாக வைத்த ரசத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் ஏழு தடவை கேட்பது - இவைதான் எச்சரிக்கை மணி.

இது வயசானால் எல்லாருக்கும் வந்தே தீரும் ஒன்றல்ல. மூளையைத் தாக்கும் நோய். இதில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்ஜைமர் என்ற வகை. அலோய்ஸ் அல்ஜைமர் என்ற ஜெர்மானிய டாக்டர், ஐம்பத்தோரு வயதான ஒரு பெண்மணியை 1901-ல் பரிசோதித்து, அவர் இறந்தபின் மூளையையும் ஆராய்ந்து, 1906-ல் மருத்துவர்கள் கூட்டத்தில் விவரம் சொன்னார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் இந்த மறதி நோயோடு வாழ்ந்தவர்கள் 5 கோடியே 70 லட்சம் பேர். நம் நாட்டில் முதியோரை நேரில் பரிசோதித்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. அதன்படி 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாகவே இந்த நோய் இருக்கிறது; மொத்தம் ஏறக்குறைய 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதிகம் என்றும் அது சொல்கிறது. ஆக, இது யார் வீட்டிலோ நடக்கும் விஷயமல்ல. நம் தெருவில் நடப்பதுதான்.

டிரங்குப் பெட்டிப் பாடம்

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நரம்பணு, புரதப் படிவு என்றெல்லாம் பேசினால் கொட்டாவிதான் வரும். அதனால் எங்கள் மாணவி ஒருத்தி, ஹாஸ்டலிலிருந்து தன் தகரப் பெட்டியையே தூக்கி வந்துவிட்டாள்.

"இது ஒரு பாட்டியோட ஞாபகப் பெட்டி. அடியில பாட்டியோட சின்ன வயசு - அவங்க அம்மா, விளையாடின தெரு, படிச்ச பள்ளிக்கூடம். அதுக்கு மேல கல்யாணம். அதுக்கு மேல உங்க அப்பா பிறந்தது. எல்லாத்துக்கும் மேல நேத்து வந்த விருந்தாளி, இன்னிக்குச் சாப்பிட்ட இட்லி" என்று ஒவ்வொரு புடவையாக அடுக்கிக் காட்டினாள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"இட்லி போயிடுச்சு. அதனால 'சாப்பிடலை'ன்னு சொல்றாங்க. பொய் இல்லை, பெட்டியில அது இல்லவே இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போனா, நீங்க பிறந்தது போயிடும். அப்போ உங்களைப் பார்த்து 'யாரு'ம்பாங்க. ஆனா அடியில இருக்கறது அவ்வளவு சீக்கிரம் போகாது. அதனாலதான் செத்துப்போன அவங்க அம்மாவைக் கூப்பிடறாங்க."

முன் வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அப்போ பெட்டி காலியானா, பாட்டி காலியா அக்கா?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. மாணவி சற்று யோசித்தாள். "பெட்டியை மோந்து பாரு" என்றாள். உள்ளே ரசகற்பூர உருண்டையின் வாசனை! "புடவை போனாலும் வாசனை போகலை பார்த்தியா? நீ வந்து பக்கத்துல உட்கார்ந்ததை அவங்க மறந்துடுவாங்க. ஆனா நீ உட்கார்ந்தப்போ வந்த சந்தோஷம் மனசில கொஞ்ச நேரம் நிக்கும். நீ கத்தினா, எதுக்குக் கத்தினேன்னு மறந்துடுவாங்க. பயம் மட்டும் நிக்கும்."

வெறும் ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை அல்ல இது. ஒரு சம்பவம் நினைவிலிருந்து போன பிறகும் அது உண்டாக்கிய உணர்ச்சி தங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

"சீக்கிரம்! சீக்கிரம்!"

அடுத்தது விளையாட்டு. ஒரு பிள்ளையின் இரண்டு கைகளிலும் தடிமனான காலுறையை மாட்டி, சட்டைப் பொத்தான் போடச் சொல்வோம். மற்றவர்கள் சுற்றி நின்று, "சீக்கிரம்! இதுகூடத் தெரியாதா?" என்று கத்த வேண்டும். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பிள்ளைக்கு அழுகையே வந்துவிடும். பிறகு அதே பிள்ளைக்கு அதே வேலை. இந்தத் தடவை ஒருத்தர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா போடு. இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்பார். பொத்தான் ஏறிவிடும்!

"கை அதேதான், காலுறையும் அதேதான். எது மாறிச்சு?" என்று கேட்டால், முப்பது குரல்கள் பதில் சொல்லும்.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

எந்தப் பள்ளிக்குப் போனாலும் இவை வந்துவிடும். உங்கள் வீட்டிலும் வரலாம். பதில்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*"ஒட்டிக்குமா?"* - ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், மடியில் படுக்கலாம், கட்டிக்கொள்ளலாம்.

*"எனக்கும் வருமா?"* - பெரும்பாலும் இது நேராகத் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு இறங்கும் நோயல்ல. இளவயதிலேயே வரும் அபூர்வமான ஒரு வகை மட்டும் சில குடும்பங்களில் தொடர்கிறது. வராமல் காத்துக்கொள்ளவும் ஓரளவு வழி உண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, காது கேளாமை, பார்வைக் குறைவு, தலைக்காயம், தனிமை போன்ற 14 காரணங்களைக் கவனித்துக்கொண்டால், உலகில் இந்த நோயில் ஏறக்குறைய பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் கூறியிருக்கிறது. "அப்பா ஹெல்மெட் போடாம போனா விடாதீங்க" என்று எங்கள் மாணவிகள் சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரே குஷி!

*"மருந்து கொடுத்தா சரியாயிடுமா?"* - முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. சிலருக்கு மறதியின் தொல்லையைக் கொஞ்ச காலம் குறைத்துவைக்கும் மருந்துகள் உண்டு. "சரியாயிடும்" என்று குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "நாம பார்த்துக்கலாம்" என்று சொல்லுங்கள்.

*"நான் சேட்டை பண்ணினதாலயா வந்திச்சு?"* - இதைச் சத்தமாகக் கேட்கும் பிள்ளை குறைவு, நினைக்கும் பிள்ளை அதிகம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "யாராலயும் வரலை, உன்னால வரவே இல்லை."

"திருடன்னு சொல்றதுகூட நோய்தானா?"

ஒரு பள்ளியில் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பையை அடுக்கிக்கொண்டே இருந்தான். அடுக்கினதையே திரும்ப அடுக்கினான். கடைசியில் மாணவியிடம் மெல்லக் கேட்டான்: "அக்கா, திருடன்னு சொல்றதுகூட அந்த நோய்தானா?"

அவன் தாத்தா பென்ஷன் பணத்தை அரிசி டப்பாவிலும் தலையணை உறையிலும் ஒளித்துவைப்பார், வைத்ததை மறந்துவிடுவார். பிறகு பேரனைப் பிடித்துக்கொண்டு, "திருட்டுப் பயலே, எடுத்ததைக் கொடு" என்பார். தெருவில் நின்றுகொண்டும் சொல்வார். மூன்று மாதமாக இந்தப் பையன் பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போவதில்லையாம். அம்மா வேலை முடிந்து வரும்வரை கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பானாம். அம்மாவோ அவன் விளையாடப் போகிறான் என்று நினைத்திருக்கிறாள்.

பத்தொன்பது வயதுப் பெண் அவள், பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "பணத்தை ஒளிச்சு வெச்ச ஞாபகம் பெட்டியில இல்லை. ஆனா பணம் காணோம்கிறது மட்டும் அவருக்குத் தெரியுது. ஏன் காணோம்னு மூளை தானா ஒரு கதை கட்டுது. யாரு கிட்டத்துல இருக்காங்களோ, அவங்க பேருதான் கதையில வரும். தூரத்துல இருந்தா உன் பேரே வந்திருக்காது தம்பி."

ஒரு மாதம் கழித்து, பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவன் அம்மா எங்களைத் தேடி வந்தாள். "இப்பல்லாம் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு 'வாங்க தாத்தா, சேர்ந்து தேடலாம்'ங்கிறான். பத்து நிமிஷம் தேடறாங்க. கிடைச்சா சரி, கிடைக்காட்டா அதுக்குள்ள அவரே மறந்துடறார். திருட்டுப் பயன்னு சொல்றதை அவர் விடலை, மேடம். ஆனா இவன் அழறதை விட்டுட்டான்" என்றாள். சற்று நின்று, "இது நோய்னு எனக்கே யாரும் சொல்லலையே. நானும் அவர்கிட்ட என்னெல்லாமோ பேசிட்டேனே" என்றாள். தாத்தாவை மருத்துவரிடம் முதன்முதலாக அழைத்துப்போனது அதற்குப் பிறகுதான். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பள்ளியில் பிள்ளைக்குச் சொன்ன விஷயம் வீட்டில் பெரியவர்களுக்கும் போய்ச் சேருகிறது, பார்த்தீர்களா?

ஜப்பானில் ஓர் ஊர்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருவதில் ஜப்பானியர்கள் நமக்கு முன்னோடிகள். அங்கே முன்பெல்லாம் இந்த நோய்க்கு 'சிஹோ' என்று பெயர். மூடத்தனம் என்று பொருள்படும் வார்த்தை. அது நோயாளிகளை அவமானப்படுத்துகிறது என்று 2004-ல் அரசாங்கமே அதை மாற்றி, 'நின்சிஷோ' - அறிதலில் வரும் கோளாறு - என்று வைத்தது. 2005-ல் 'மறதி நோய்த் துணைவர்' என்ற பயிற்சியைத் தொடங்கினார்கள். ஒன்றரை மணி நேர வகுப்புதான். கடைக்காரர், வங்கி ஊழியர், போலீஸ்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று இதுவரை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அங்கே கற்றுத்தரும் மூன்று 'கூடாது'களை நாங்களும் எடுத்துக்கொண்டோம்: *திடுக்கிட வைக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, மானத்தைப் புண்படுத்தக் கூடாது.*

கியூஷு தீவில் ஓமுடா என்று ஒரு நகரம். ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர். 1997-ல் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர்கள் குறைந்து முதியவர்கள் பெருகினார்கள். மறதி நோயைப் பற்றிச் சித்திரக் கதைப் புத்தகம் ஒன்றைத் தயாரித்து, அதைப் பள்ளிகளில் படித்துக்காட்டி, பிள்ளைகளோடு பேசுகிறார்கள் அங்கே. வழி தவறிய முதியவர்போல ஒருவர் தெருவில் நடக்க, ஊரார் அவரிடம் எப்படிப் பேசுவது என்று பழகும் ஒத்திகையும் நடக்கிறது. தீயணைப்பு ஒத்திகை மாதிரி!

டீச்சர் அல்ல, அக்கா

"இதை வகுப்பு ஆசிரியரே சொல்லலாமே, நர்சிங் மாணவி எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆசிரியரிடம் பிள்ளைகள் சரியான பதிலைச் சொல்லப் பார்க்கிறார்கள். அக்காவிடம் மனசில் உள்ளதைச் சொல்கிறார்கள். அந்த அக்கா ஆஸ்பத்திரி வார்டில் இப்படிப்பட்ட முதியவர்களுக்குச் சோறு ஊட்டியவள். நிஜமாகப் பார்த்ததைப் பேசுகிறாள்.

மாணவிகளுக்கும் லாபம்தான். பரீட்சைத் தாளில் இந்த நோயின் அறிகுறிகளைப் பத்து வரியில் எழுதிவிடலாம். "பெட்டி காலியானா பாட்டி காலியா?" என்று கேட்டால் புத்தகத்தில் விடை இல்லை. வார்டில் பெட் நம்பராகத் தெரிந்த பாட்டி, அதற்குப் பிறகு யாரோ ஒரு பிள்ளையின் பாட்டியாகத் தெரிய ஆரம்பிக்கிறாள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

1. *முதலில் மருத்துவர்.* தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு இவற்றாலும் ஞாபகம் தடுமாறும். அவற்றைச் சரிசெய்ய முடியும். 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

2. *நோயின் பெயரைச் சொல்லுங்கள்.* 'புத்தி பேதலிச்சுப் போச்சு', 'கிறுக்கு' என்ற வார்த்தைகளைப் பெரியவர்கள் விட்டால்தான் சிறியவர்கள் விடுவார்கள். "பாட்டிக்கு மறதி நோய்" என்று தெருப் பிள்ளைகளிடமும் சொல்லலாம். கேலி பாதி குறைந்துவிடும்.

3. *வாதாட வேண்டாம் என்று கற்றுக்கொடுங்கள்.* பாட்டி தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதான் உங்க வீடு!" என்று கத்துவதில் பயனில்லை. "உங்க வீடு எப்படி இருக்கும் பாட்டி? கிணறு உண்டா?" என்று கேட்டால் அழகாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

4. *சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள்.* பூக் கட்டுவது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது, பழைய போட்டோ ஆல்பம் பார்ப்பது, பழைய பாட்டுக் கேட்பது. பெயர் மறந்த பாட்டியின் விரல்கள் பூக் கட்ட மறப்பதில்லை!

5. *குழந்தையைக் காவல் வைக்காதீர்கள்.* அன்பாக இருப்பது வேறு, பொறுப்பைச் சுமப்பது வேறு. தாத்தாவையும் பேரனையும் தனியே விட்டுவிட்டு நெடுநேரம் வெளியே போக வேண்டாம். தாத்தாவுக்குக் கோபம் வந்தால் எழுந்து வந்துவிடலாம், பெரியவர்களைக் கூப்பிடலாம் என்று குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். அதன் எரிச்சலும் அழுகையும் தப்பல்ல என்றும் சொல்லுங்கள்.

6. *நீங்களும் தனியே சுமக்காதீர்கள்.* முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 1992-ல் கேரளத்தில் தொடங்கிய அல்ஜைமர் சங்கத்துக்கு நாட்டின் பல ஊர்களில் கிளைகள் உள்ளன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 21 உலக அல்ஜைமர் தினம். உங்கள் குழந்தையின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் நர்சிங் கல்லூரி இல்லாத மாவட்டம் நம் தமிழ்நாட்டில் அபூர்வம். பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது அந்த மாணவிகளின் பயிற்சியில் ஒரு பகுதிதான். ஒரு கடிதம் போதும். செலவு என்று பார்த்தால் ஒரு ஜோடி காலுறை. பெட்டியை அவர்களே தூக்கி வந்துவிடுவார்கள். கேட்டுத்தான் பாருங்களேன்!